முதல் தரப் புல்லாங்குழல்

குற்றம் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். நீதிபதி என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், தரம் பிரிக்கிற மேசைக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். பதனிட்ட மாட்டுத்தோல் ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து விழும். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை, உள்ளங்கையால் ஒரு தடவல், சாக்பீஸால் ஓர் எண். முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, அம்மை வடு, வண்டியில் உரசிய காயம் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒரு மாடு உயிரோடு இருந்தபோது என்னென்ன பட்டது என்று அதை வளர்த்தவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு மார்க்கைக் குறைப்பேன்.

எல்லாவற்றிலும் மோசமானது சூட்டுக் குறி. அடையாளத்துக்கோ வைத்தியத்துக்கோ இரும்பைக் காய்ச்சி மாட்டின்மேல் வைத்துவிடுகிறார்கள். ஓர் எழுத்தோ வட்டமோ சூலமோ இருக்கும். வைத்தவருக்கு அது 'என் மாடு' என்று அர்த்தம். எங்களுக்கு மூன்றாம் தரம் என்று அர்த்தம். ஆழம் குறைவாக இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. மேல்பரப்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, அதன்மேல் பூச்சு அடித்துவிடலாம். ஷூவாக மாறி யாரோ ஒரு சீமாட்டியின் காலில் ஏறும்போது அது சூடே காணாத மாடாகிவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அதே தொழிற்சாலையில் சாயப் பிரிவில் இருக்கிறான் என் சிநேகிதன். மேல்விஷாரத்துக்காரன். எல்லாரும் அவனை பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஒரு பிரவுன் கலரைப் பார்த்த மாத்திரத்தில் அதில் சிவப்பு எத்தனை ஸ்பூன் ஜாஸ்தி என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் ஊதா சட்டைக்குப் பச்சை பேன்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவான். திறமை எல்லாம் ஷிப்டுக்குள்தான்.

அவன் வீட்டில் ஒரு மரப் புல்லாங்குழல் இருந்தது. அவன் தாத்தா காலத்தில், இங்கிருந்து தோல் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்தபோது ஒரு மேசை, ஒரு குடை ஸ்டாண்டு, இந்தக் குழல் மூன்றையும் விட்டுவிட்டுப் போனாராம். மேசையும் குடை ஸ்டாண்டும் பெரிய பஞ்சாயத்துக்குப் பிறகு பங்கு பிரிக்கப்பட்டன. குழலை யாரும் கேட்கவில்லை. கொஞ்ச காலம் அதில் கொசுவலைக் கயிறு கட்டினார்கள். ஒரு தடவை சப்பாத்தி உருட்டிப் பார்த்தார்களாம், அதிலிருந்த சாவிகள் இடித்ததால் விட்டுவிட்டார்களாம். கலையை ஆதரித்த குடும்பம் என்றால் இதுதான்.

சாவி என்றதும் பூட்டுச் சாவியை நினைக்காதீர்கள். இது நம் மூங்கில் குழல் இல்லை. மஞ்சளாக, தேன் தடவின மாதிரி நிறத்தில், இறுக்கமான மரம். நான்கு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் முழுக் குழல். துண்டுகள் சேரும் இடங்களில் கொம்பில் கடைந்த வளையங்கள். விரல் எட்டாத துளைகளை மூடித் திறக்க ஆறு பித்தளை நெம்புகள், அவற்றைத்தான் சாவி என்பது. ஒவ்வொரு சாவியின் அடியிலும் பட்டாணி அளவில் ஒரு தோல் மெத்தை. அது துளைமேல் அழுந்தினால் காற்று வெளியே போகக்கூடாது. நான்கு துண்டுகளின் தலைமாட்டிலும் கருகிய நிறத்தில் ஒரு சின்னக் குறி. அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பாய் அதை எடுத்துத் தானாகவே ஊதக் கற்றுக்கொண்டான். ரேடியோதான் வாத்தியார். வீட்டில் ஊதினால் அவன் மனைவிக்குத் தலைவலி வரும். "ஆத்துக்குப் போய் ஊதுங்க, அங்க கேக்கறதுக்கு யாரும் இல்ல" என்று அனுப்பிவிடுவாள். பாலாற்றில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும், அதனால் மணலில் உட்கார இடத்துக்குக் குறைவில்லை. சாயங்காலங்களில் அவன் ஊத, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தக் குழலின் கீழ்ச்சுரம் வரும்போது கடலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருப்பேன்.

இப்படி இருபது வருஷம் ஆற்றுக்கு விரட்டிய அவன் மனைவிதான், நோயில் விழுந்த கடைசி வருஷத்தில் அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு ஊதச் சொன்னாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு பாட்டைக் கேட்பாள். அவள் பிறந்த ஊரில் கல்யாண வீட்டுப் பெண்கள் மருதாணி வைக்கும்போது பாடுவதாம். ஆரம்பமே அந்தக் கீழ்ச்சுரத்தில்தான். அவள் போன பிறகு வந்த முதல் கத்திரி வெயிலில் குழலின் தலைத்துண்டு நீளவாக்கில் வெடித்துவிட்டது. பாய் தேன்மெழுகு வைத்து அடைத்தான், செல்லோ டேப் சுற்றினான். மேல்சுரங்கள் எப்படியோ வந்தன. அந்தக் கீழ்ச்சுரம் மட்டும் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு பாட்டு, அவள் கேட்ட அதே குரலில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டு ஷூ கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு டெக்னீஷியன் வருவார். அறுபதைத் தாண்டியவர். நான் முதல் தரம் என்று போட்டதை இரண்டாக்குவதற்கே விமானம் ஏறி வருகிறவர். அவர் முகத்தில் சிரிப்பு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் சாயப் பிரிவில் பாயின் போன் ஒலித்தது, திரையில் குழலின் படம். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஊரில் தன் வீட்டுக் கொட்டகையில் அவர் மரக் குழல் செய்கிறவராம். பதினைந்து வருஷமாக அவரை எங்களுக்குத் தெரியும், எங்களைப் போல அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊருக்குப் போனதும் படங்கள் அனுப்பச் சொன்னார். பாய் அனுப்பிய படங்களில் பாதி அவனுடைய கட்டைவிரல். மீதியில் வெடிப்பு நன்றாகத் தெரிந்தது. பதில் வந்தது. தலைத்துண்டைப் புதிதாகச் செய்யலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழல்காரரும் ஊதுதுளையின் அகலத்தையும் சரிவையும் உள்குடைவையும் தன் கணக்கில் வைத்தார்கள், குழலின் குரல் அதில்தான் இருக்கிறது. செய்தவர் யார் என்று தெரிந்தால், அவர் செய்த வேறொரு குழலைத் தன் நாட்டு மியூசியம் எதிலாவது தேடி, அளவெடுத்து, அதே மாதிரி கடைந்து தர முடியும். ஒரு படத்தில் ஏதோ சூட்டு முத்திரை மங்கலாகத் தெரிகிறது, படிக்க முடியவில்லை, அதை நேரில் பார்க்க வேண்டும். அடுத்த தடவை வரும்போது கொண்டு வா. அதற்குள் தோல் மெத்தைகளை மட்டும் மாற்றி வை, ஊதிப் பார்க்க வேண்டும்.

பாய் என்னிடம் சொன்னது இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்.

"தோஸ்த், ஆறு மெத்த செஞ்சி குடு. நல்ல குட்டித் தோலா பாரு."

"இன்னா அவசரம்?"

"அந்த ஆளு வர்றாரு. ஊதிப் பாக்கணும்ங்கறாரு."

குறியைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. மெத்தை வைக்கக் கொடுத்த குழலில் முத்திரையைத் தொடாதே என்று எச்சரிக்க வேண்டும் என எந்த மனிதனுக்குத் தோன்றும்?

மெத்தை வேலையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும், இந்தக் கதையில் எனக்கு வேறு பெருமை கிடையாது. வெள்ளாட்டுக் குட்டியின் தோல் தேடி எடுத்தேன், குரோம் போடாமல் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. குரோம் தோலில் தங்கும் அமிலம் பித்தளையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். வெங்காயத் தோல் மாதிரி ஆகும்வரை சீவினேன். வட்டமாக வெட்டி, நடுவில் கம்பளிப் பஞ்சு வைத்து, சுருக்குப் பை போல நூலால் இழுத்துக் கட்டினேன். சாவியின் கிண்ணத்தில் அரக்கைச் சூடாக்கி அதில் உட்கார வைத்தேன். துளையை மூடி வாய் வைத்து உறிஞ்சினால் உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. அத்தோடு குழலைத் துணியில் சுற்றி வைத்திருந்தால் இன்றைக்கு நான் பெரிய மனிதன்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் வெயிலில் குழலைத் திருப்பிப் பார்த்தபோது தலைத்துண்டில் அந்தக் கருகல் கண்ணில் பட்டது. ஒரு ரூபாய் அளவுகூட இல்லை. அழகான மரம், நல்ல நிறம், நடுவில் இப்படி ஒரு தழும்பு. நகத்தால் ஆழம் பார்த்தேன். இரண்டு தாள் கனம் இருக்கும். தேய்த்தால் போய்விடும். மற்ற துண்டுகளைப் பார்த்தேன், மூன்றிலும் அதே தழும்பு. யாரோ மடையன் காய்ச்சின இரும்பை வைத்துப் பாழ் பண்ணியிருக்கிறான் என்று உண்மையாகவே அவனைத் திட்டினேன்.

தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்திருந்த உப்புத்தாளை எடுத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாய் அந்தத் தோல மட்டும்தானே மாத்தச் சொன்னாரு?"

"ஆமா."

"அப்புறம் ஏன் கட்டையப் போட்டுத் தேய்க்கிறீங்க?"

"டேமேஜ் இருக்குது. எடுத்துட்டா ஏ கிரேடு ஆயிடும்."

"கிரேடு யாரு கேட்டா உங்கள?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தொழில் தெரியாதவர்களிடம் பேசி என்ன பிரயோஜனம்? மரத்தின் ரேகை போகும் திசையிலேயே, முதலில் சொரசொரப்புத் தாள், பிறகு நைசுத் தாள், பிறகு மெழுகு, பிறகு கம்பளித் துணி. நான்கு துண்டிலும். ஒன்றை விட்டு வைத்திருந்தால்கூடப் போதும், என் வேலையில் அரைகுறை என்பதே கிடையாது. முடித்தபோது அங்கே குறி இருந்தது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் பாயிடம் கொடுத்தேன். மெத்தைகளைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. பிறகு துண்டுகளைச் செருக ஆரம்பித்தான். எப்போதும் அவன் அதைப் பார்க்காமலேயே செய்வான். வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு துண்டின் குறியையும் கட்டைவிரலால் தேடி, நான்கும் ஒரே வரிசையில் வரும்படி திருப்பி வைப்பான். அன்றைக்கு விரல் தேடிக்கொண்டே இருந்தது.

"இங்க ஒண்ணு இருக்கும்ல?"

"சூட்டுத் தழும்புதானே? எடுத்துட்டேன். நாலுலயும்."

இதைச் சொன்னபோது நான் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவன் குழலைக் கீழே வைத்தான். பிறகு போனை எடுத்து, டெக்னீஷியன் எழுதியதை முழுவதுமாகப் படித்துத் தமிழில் சொன்னான். டீ ஆறிப்போனது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?"

"எடுத்துருவேன்னு நீ சொன்னியா?"

"சரி, வுடு" என்று எழுந்து போய்விட்டான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, இரண்டு நாளில் சரியாகியிருக்கும். சரி வுடு என்று சொல்கிறவனை என்ன செய்வது?

இரண்டு வாரம் கழித்து டெக்னீஷியன் வந்தார். சாயப் பிரிவின் மேசையில் துணியை விரித்துக் குழலை வைத்தோம். அவர் தலைத்துண்டை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். மற்ற மூன்றையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. எனக்குத் தெரிந்த தொழிற்சாலை இங்கிலீஷில், பிராண்டிங் டிபெக்ட், பஃபிங் பண்ணிட்டேன், ஐ டூ, என்றேன்.

அவர் மரத்தைக் கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தார். "வெரி குட் ஃபினிஷிங்" என்றார். கிண்டல் இல்லை, அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. இத்தனை வருஷத்தில் அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சின்ன டார்ச் ஒன்றை எடுத்துக் குழலுக்குள் அடித்து எங்களைப் பார்க்கச் சொன்னார். வெளியே வட்டமாகத் தெரிகிற விரல் துளைகள், உள்பக்கம் கத்தியால் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு அளவு. குழலைச் செய்தவர் ஊதிப் பார்ப்பாராம், கொஞ்சம் சுரண்டுவாராம், மறுபடி ஊதுவாராம். நடுத்துண்டில் ஒரு துளையைக் கொஞ்சம் அதிகமாகச் சுரண்டிவிட்டு, மெழுகு பூசி ஈடுகட்டியிருக்கிறார். இருநூறு வருஷம் இருக்கலாம் என்றார் டெக்னீஷியன். ஒரு மனிதன் தப்புச் செய்து, அதைத் திருத்தி, யாரும் பார்க்க முடியாத இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கத்தியின் கோடுகள் இப்போதுதான் கீறின மாதிரி இருந்தன. நல்லவேளை, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவற்றைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவற்றையும் சரி செய்திருப்பேன்.

இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று பாய் கேட்டான். முடியாது, ஒரே தெருவில் பத்துப் பேர் இப்படிச் செய்தார்கள், கையெழுத்து இருந்தால்தான் தெரியும் என்றார். பிறகு ஒரு காகிதத்தையும் பென்சிலையும் பாயின் முன்னால் நகர்த்தினார். ஞாபகம் இருக்கும் வரைக்கும் வரைந்து காட்டு, ஓர் எழுத்து போதும்.

பாய் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலை மேசைமேல் தேய்த்தான். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினான்.

"நான் அத ஒரு நாளும் படிச்சதில்ல தோஸ்த். வெரலுக்குத்தான் தெரியும். நீ கண்ணால பாத்தியே. நீ வரை."

நியாயமான எதிர்பார்ப்புதான். தோலில் நான் பார்த்த குற்றம் எதையும் மறக்கமாட்டேன் என்று கேண்டீனில் எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். போன மாதம் வந்த தோலில் எந்த மூலையில் எத்தனை புள்ளி என்று பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டேன். குறி இருந்த இடம் ஞாபகம் இருந்தது, மேல் வளையத்திலிருந்து ஒரு விரல்கடை. அகலம் ஞாபகம் இருந்தது. ஆழம் இரண்டு தாள் கனம். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகக் கருகியிருந்தது, அதனால் அங்கே கூடுதலாகத் தேய்த்தேன். அதற்குள் என்ன எழுதியிருந்தது? எழுத்தா, பூவா, கிரீடமா? நான்கு துண்டு, நான்கு தடவை, நல்ல வெயில் வெளிச்சத்தில், முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தேன். எவ்வளவு தேய்த்தால் போகும் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே ஒன்றும் போட முடியவில்லை. பாய் அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது, அறுபது டிகிரி சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

டெக்னீஷியன் வெடித்த துண்டை அளவெடுத்துக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் புதிய தலைத்துண்டு கொரியரில் வந்தது. அதே மாதிரி மஞ்சள் மரம். தன் ஊகத்தில் செய்ததாகவும், சுருதி சரியாக இருக்கும், குரலுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தார். மேல் வளையத்துக்குக் கீழே அவருடைய பெயரைச் சூடு போட்டு வைத்திருந்தார். இந்தத் தடவை நான் அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன்.

அன்று சாயங்காலம் பாய் என்னை ஆற்றுக்குக் கூப்பிட்டான். மணலில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுத்து, பழைய மூன்று துண்டுகளோடு என் கையில் கொடுத்தான்.

"வரிச புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இதுங்க மூணுலயும் ஒரு கோடு போட்டுக் குடு."

"நானா?"

"வேற யாரு? எடம் உனக்குத்தானே தெரியும்."

வழவழப்பில் என் முகமே தெரிகிற அந்த மரத்தில் நானே ஊசியை வைத்துக் கீறினேன். மேல் வளையத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, இரண்டு தாள் கனத்துக்கு. எனக்கு ஞாபகம் இருந்ததை எல்லாம் போட்டேன். பாய் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். பாலத்துமேல் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நான்கு துண்டுகளையும் செருகி வரிசைப்படுத்தினான்.

மருதாணிப் பாட்டை எடுத்தான். முதல் கீழ்ச்சுரம் சுத்தமாக, ஒரு பொட்டுக் காற்று சிதறாமல் வந்தது. என் மெத்தைகள் வேலை செய்தன. நல்ல குரல், தேர்ந்த குரல். இரண்டாவது அடியின் நடுவில் நிறுத்திவிட்டுக் குழலை மடியில் வைத்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றான். "ஆனா அவ கேட்டா, யாரோ ஊதுறாங்கன்னு நெனச்சிக்குவா."

பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஊதினான்.